ஆஃப்-ரோடு வண்டியில் அவசரத்துக்கு என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி இதுதான்: ஃபோர் வீல் டிரைவ் வண்டி, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து இரண்டரை டன். நான்கு பேர் தார் ரோட்டை விட்டு இரண்டு நாள் பயணமாக உள்ளே போகிறார்கள். துணைக்கு இன்னொரு வண்டியும் வருகிறது. வண்டியோடு வந்த ஜாக்கியும் ஸ்டெப்னியும் போக வேறென்ன வேண்டும்? பையோடு சேர்த்து விற்கிற ரெகவரி கிட் ஒன்றை வாங்கினால் போதுமா?

போதாது. அந்தப் பையில் பெரும்பாலும் இருப்பது ஒரு இழுவைப் பட்டை, அதை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிள் இரண்டு, ஒரு ஜோடி கையுறை. வேறு எதுவும் பலிக்காதபோது கடைசியாக எடுக்க வேண்டியவை இவை. தப்பாகக் கையாண்டால் உயிரை வாங்கக்கூடியவையும் இவைதான். முதலில் கைக்கு வர வேண்டியது காற்று அளக்கிற கேஜ், அடுத்தது மண்வெட்டி. மாட்டிக்கொண்ட வண்டி பெரும்பாலும் இந்த இரண்டிலேயே வெளியே வந்துவிடும். அதனால் எந்தப் பொருளை எந்த வரிசையில் எடுப்போமோ, அதே வரிசையில் சொல்கிறேன்.

காற்று

தார் ரோட்டில் 32 முதல் 35 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிற டயரை மணலில் 16 – 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அது தரையில் நீளவாக்கில் படர்ந்து உட்காரும். அகலம் கொஞ்சம்தான் கூடும், கூடுவது நீளம்தான். அதே எடை அதிகப் பரப்பில் பரவுவதால் சக்கரம் மணலைத் தோண்டாமல் அதன் மேல் ஏறிப் போகும். சேற்றிலும் கரடுமுரடான கல்பாதையிலும் 20 – 25 போதும். இவை தொடங்குவதற்கான எண்கள். வண்டியின் எடையையும் டயரின் பக்கச்சுவர் எவ்வளவு கெட்டி என்பதையும் பார்த்து ஏற்ற இறக்கம் செய்துகொள்ள வேண்டும். முழுதாகப் புதைந்த நிலையில் 12 வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால், ஸ்டியரிங்கை வேகமாக ஒடிக்கும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்று குறைந்த டயரில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழியும். 18க்குக் கீழே இருக்கும்போது 30 – 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

ஆக, முதல் பொருள் கேஜ். 0 – 60 பிஎஸ்ஐ அளவுள்ளதாக வாங்குங்கள். 150 வரை காட்டுகிற கேஜில் 15க்கும் 18க்கும் இடையே முள் நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. கேஜ் கீழே விழுந்தால் அளவு தப்பும் என்பதால் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வால்வின் உள்ளே இருக்கும் ஊசியைக் கழற்றும் சாவி ஒன்று, உபரி ஊசிகள் நான்கைந்து, வால்வு மூடிகள் சில இவற்றோடு சேரும். கடுகு டப்பா அளவு இடம்கூடப் பிடிக்காது. ஊசி மணலில் விழுந்துவிட்டால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்ற கம்ப்ரஸர். சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற சின்ன வகை காருக்குச் சரி. அந்தத் துளைக்கு வருகிற ஃபியூஸ் பெரும்பாலும் 10 – 15 ஆம்பியர்தான். பெரிய டயரை நிரப்பத் தேவையான மின்சாரத்தை அதன் வழியே எடுக்க முடியாது. பேட்டரியில் நேரடியாகக் கவ்வுகிற வகையாகப் பாருங்கள். பெட்டியின் மேல் போட்டிருக்கும் 'நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்' என்பது எதிரழுத்தம் இல்லாதபோது எடுத்த அளவு. 30 பிஎஸ்ஐ எதிர்த்து நிற்கும்போது அதைவிடக் குறைவாகத்தான் தரும். இடைவிடாமல் எவ்வளவு நேரம் ஓடலாம் என்று கையேட்டில் இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். இரண்டு டயர் முடிந்ததும் சூடேறித் தானாக நின்று, அரை மணி நேரம் ஆறினால்தான் மூன்றாவது என்கிற கம்ப்ரஸர்கள் நிறைய உண்டு. காற்று ஏற்றும்போது எஞ்சின் ஓடட்டும். குழாய் நான்கு சக்கரத்துக்கும் எட்டுகிறதா என்று வீட்டு வாசலிலேயே இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

பஞ்சர் பெட்டியும் இதே இனம். ட்யூப்லெஸ் டயருக்கான கயிறு இருபது, துளையைச் சீராக்கும் அரம், கயிறு செருகும் ஊசி, ரப்பர் சொல்யூஷன், குறடு, கூரான பிளேடு. அரத்துக்கும் ஊசிக்கும் கைப்பிடி இரும்பில், குறுக்குக் கம்பியாக இருக்க வேண்டும். கெட்டியான ஆஃப்-ரோடு டயரில் அழுத்தும்போது பிளாஸ்டிக் பிடி உடைந்து உள்ளங்கையில் குத்தும்.

வேலையை ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, குமிழி வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஆணியைக் குறடால் பிடுங்கும்போது அது எந்தச் சாய்வில் போயிருக்கிறது என்று கவனியுங்கள். அரமும் அதே சாய்வில்தான் போக வேண்டும். நேராகக் குத்தினால் இரண்டாவதாக ஒரு துளைதான் விழும். அரத்தை வலப்பக்கமாகத் திருக்கிக்கொண்டே ஏழெட்டு முறை உள்ளே விட்டு எடுத்தால், துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு இழைகள் மழுங்கும். இதைச் சோம்பி விட்டுவிட்டால் அந்த இழைகள் கயிற்றை அறுத்து, சிறிது தூரத்திலேயே மறுபடி காற்று இறங்கும். கயிற்றை ஊசிக் காதில் நடுப்பாதி வரை கோத்து, சொல்யூஷன் தடவி, இரு முனைகளும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வெளியே இருக்கும் அளவுக்கு அழுத்தி, ஊசியை மட்டும் சட்டென்று உருவுங்கள். வெளியே நிற்பதில் சுமார் 4 மி.மீ. விட்டு நறுக்கி, காற்றடித்து, மறுபடி சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். கிழிசல் பெரிதாக இருந்தால் ஒரே துளையில் மூன்று நான்கு கயிறு வரை செருகலாம். பக்கச்சுவரில் போட்ட கயிறு மெதுவாக ஊர்ந்து வெளியேறுவதற்கு மட்டும். அந்த இடம் சக்கரம் சுற்றும்தோறும் மடங்குவதால் நிற்காது. வெளியே வந்ததும் அந்த டயரை மாற்றிவிட வேண்டும். இதில் அதிகம் ஏமாற்றுவது சொல்யூஷன் ட்யூப்: ஒருமுறை திறந்தால் மூடி வைத்தும் சில மாதங்களில் காய்ந்துவிடும். திறக்காத ட்யூப் இரண்டு வையுங்கள்.

ரிம்மை விட்டு டயர் கழன்றுவிட்டால், பிடியை அசைத்து இறுக்கும் ராட்செட் பட்டை ஒன்று கைகொடுக்கும். டயரின் தரையில் படும் பகுதி மேல் சுற்றுவட்டமாகக் கட்டி இறுக்கினால் நடுப்பகுதி அமுங்கி, இரு விளிம்புகளும் ரிம்மைப் பார்த்து விரியும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு ஊசியைக் கழற்றிவிட்டுக் காற்றடியுங்கள். ஊசி இல்லாவிட்டால் காற்று வேகமாகப் போகும். விளிம்பு ரிம்மைப் பிடித்துக் காற்றைத் தாங்கத் தொடங்கியதும் பட்டையைத் தளர்த்திவிடுங்கள். 'டப் டப்' என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்ததும் ஊசியைப் போட்டு வேண்டிய அளவுக்கு ஏற்றலாம். எரியும் ஸ்பிரே அடித்துக் கொளுத்தி உட்கார வைக்கிற வித்தையைத் தயவுசெய்து முயலாதீர்கள். டயர் வெடித்தால் ரிம்மோடு முகத்துக்கு வரும்.

ஸ்டெப்னியும் ஜாக்கியும்

ஸ்டெப்னி மற்ற நான்கின் அதே அளவில் இருக்க வேண்டும். சுற்றளவு மாறினால் ஃபோர் வீல் போட்டிருக்கும்போது கியர்களுக்கு இடையே முறுக்கு ஏறும். பூட்டு நட் போட்ட வண்டியானால் அதன் சாவி எங்கே இருக்கிறது என்று கிளம்புமுன் பாருங்கள். சர்வீஸுக்கு விட்டபோது வெளியே எடுத்தது திரும்ப வண்டிக்கு வராமல் போவது சகஜம். கம்பெனி கொடுக்கிற குட்டை ஸ்பேனரால் மெஷினில் இறுக்கிய நட்டைத் திறப்பது கடினம். 60 சென்டிமீட்டர் நீளக் கம்பியும், உங்கள் நட்டுக்குச் சரியான ஆறுமுனை சாக்கெட்டும் வையுங்கள். மாட்டிய பிறகு எதிரெதிர் வரிசையில் இறுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

ஜாக்கி தோற்பது பெரும்பாலும் அடித்தரையால். இளகிய மண்ணில் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். 30க்கு 30 சென்டிமீட்டர் அளவில், இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமனுள்ள பிளைவுட் பலகை ஒன்று அடியில் போட வேண்டும். 3 – 5 டன் பாட்டில் ஜாக்கி அச்சுக்கு அடியில் வைக்கத் தோதானது. அச்சைத் தூக்கினால் சக்கரம் உடனே தரையை விட்டு எழும். பாடியைத் தூக்கினாலோ ஸ்பிரிங் முழுக்கத் தொங்கிய பிறகுதான் சக்கரம் எழும். அதற்குள் வண்டி ஆபத்தான உயரத்துக்குப் போயிருக்கும். முன் சக்கரங்களுக்கு அச்சு இல்லாமல் தனித்தனி ஆர்ம் உள்ள வண்டியில் எங்கே வைக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்து, அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

எதிர்ச்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடாமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின்னச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். அத்தகைய வண்டியில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியதும் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் வழியாக அது சுழலும், தரையில் நிற்கும் சக்கரமும் விடுபட்டு வண்டி உருளும். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல் நிற்கும்.

ஆளுயர ஹை-லிஃப்ட் ஜாக்கியைப் பலரும் அழகுக்கு மாட்டிக்கொள்கிறார்கள். இரும்பு பம்பரோ பக்கவாட்டுத் தாங்கு கம்பியோ இல்லாத வண்டியில் அதை வைக்க இடமே இருக்காது. பாரத்தோடு கைப்பிடி நழுவினால் தாடையை உடைக்கும் வேகத்தில் மேலும் கீழும் அடிக்கும். உங்கள் வண்டியில் அதற்கான இடமும், உங்களுக்குப் பழக்கமும் இல்லையென்றால் அந்த எடைக்குத் தண்ணீர் ஏற்றிக்கொள்ளலாம்.

மண்வெட்டியும் பலகையும்

மடக்கு மண்வெட்டி பையில் அழகாக அடங்கும். வண்டிக்கு அடியில் எட்டாது. சிக்கலில் மாட்டியிருப்பது பெரும்பாலும் வண்டியின் வயிறுதான்: டிஃபரென்ஷியல் உருண்டை, கியர் பாக்ஸ் தாங்கி, டேங்க். அங்கே குப்புறப் படுத்து மண்ணை இழுக்க ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள, முனை கூரான மண்வெட்டி வேண்டும்.

புதைந்த சக்கரம் பிடித்து ஏற அடியில் போடும் தடப் பலகை இரண்டு இருந்தால் போதும், நான்கு இருந்தால் நிம்மதி. போடும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. சக்கரத்துக்கு முன்னால் சரிவாகத் தோண்டி, பலகையின் முனை டயருக்கு அடியில் நுழையும்வரை தள்ளி, வண்டியை லோ ரேஞ்சில், அதாவது வேகம் குறைந்து இழுவிசை கூடும் கியரில், மெதுவாக நகர்த்த வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிட்டால் பலகையின் பற்கள் சில நொடியில் உருகிப் போகும். பலகை பின்னால் நிற்பவர் காலுக்கும் பறக்கும். பலகையின் ஓட்டையில் ஒரு மீட்டர் நீளச் சிவப்பு நாடாவைக் கட்டி வையுங்கள். வண்டி ஏறிப் போன பிறகு பலகை மணலுக்குள் எங்கே புதைந்தது என்று நாடாதான் காட்டும்.

இழுவை

துணைக்கு இன்னொரு வண்டி வருவதால் இது உங்களுக்கு உண்டு. முதலில் மூன்று பொருளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாலியஸ்டர் டோ பட்டை நீளாது. ஓடாத வண்டியை நல்ல தடத்தில் மெல்ல இழுத்துச் செல்ல அது. நைலான் ஸ்நாட்ச் பட்டை ஏறத்தாழ 20 சதவீதம் நீளும், கைனெடிக் கயிறு 30 சதவீதம் வரை நீளும். புதைந்த வண்டியை வெளியே எடுக்க இவை. இழுக்கும் வண்டியின் ஓட்டச் சக்தி கயிற்றில் சேர்ந்து, ரப்பர் போலச் சுருங்கும்போது மாட்டியதை வெளியே எடுக்கும். நீளாத பட்டையைக் கட்டி ஓடி இழுத்தால் அந்தச் சக்தி முழுவதும் ஒரே வெட்டில் கொக்கியில் இறங்கும். எது பலவீனமோ அது பிய்த்துக்கொண்டு பறக்கும். மூன்றாவது, மரத்தைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டை. அதற்கு நீட்சி இருக்கவே கூடாது.

பட்டையின் அறும் பலம், இரண்டு வண்டிகளில் இலகுவானதன் முழு எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு இருக்க வேண்டும். இரண்டரை டன் வண்டிக்கு 8 டன்னுக்குள், 9 மீட்டர் நீளம் பொருந்தும். பெரிதாக வாங்கினால் பத்திரம் என்ற கணக்கு இங்கே செல்லாது. 15 டன் பட்டை இந்த எடைக்கு நீளாது; அது டோ பட்டை போலத்தான் வெட்டும். நைலான் நனைந்தால் பலம் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கட்டுமிடம்தான் உயிர்நாடி. சேஸிஸில் போல்ட் போட்டு இணைத்த, எடை குறிக்கப்பட்ட ரெகவரி பாயின்ட் முன்னும் பின்னும் இருக்க வேண்டும். கப்பலில் ஏற்றும்போது கட்டிவைக்க அடியில் வைத்திருக்கும் வளையம் அதுவல்ல. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் ஒருபோதும் பட்டையைக் கட்டாதீர்கள். அது கீழ்நோக்கிய பாரத்துக்கும் சீரான இழுவைக்கும் செய்தது. வெட்டி இழுக்கும்போது கழுத்து முறிந்து, அந்த உருண்டை கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். ஆட்கள் இப்படிச் செத்திருக்கிறார்கள்.

ஷேக்கிள் வாங்கும்போது அதன் உடலில் வேலைப்பாரம், அதாவது பாதுகாப்பாகத் தாங்கும் எடை, பொறித்திருக்கிறதா பாருங்கள். 19 மி.மீ. வில் ஷேக்கிளுக்கு அது 4.75 டன். எழுத்தே இல்லாத பளபளப்பான ஷேக்கிளைக் கையால் தொட வேண்டாம். ஷேக்கிளின் குறுக்கே போகும் திருகு பின்னை முழுக்க இறுக்கி, கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் பாரம் ஏறிய பின் திறக்கவே வராது. கயிற்றால் பின்னிய சாஃப்ட் ஷேக்கிள் என் தேர்வு. எடை குறைவு, அறுந்தாலும் இரும்புக் குண்டு பறப்பதில்லை. கூரான விளிம்பில் மட்டும் அதைப் போடக்கூடாது. நீளம் போதாமல் இரண்டு பட்டையை இணைக்க நேர்ந்தால் நடுவில் ஷேக்கிள் வைக்காதீர்கள். ஒன்றின் கண்ணுக்குள் இன்னொன்றை நுழைத்து, அதன் மறுமுனையை அதன் கண் வழியாகவே இழுத்தெடுங்கள். முடிச்சு இறுகிப்போகாமல் இருக்க நடுவில் சுருட்டிய தடித்த பத்திரிகை ஒன்றை வைக்கலாம்.

இழுக்குமுன் தோண்டுங்கள். சேறு சக்கர உயரத்துக்குப் பிடித்திருந்தால் வண்டியின் எடைக்குச் சமமாகவும், மட்கார்டு வரை ஏறியிருந்தால் இரண்டு மடங்காகவும் எதிர்ப்பு இருக்கும் என்பது அமெரிக்க இராணுவத்தின் மீட்புக் கையேட்டுக் கணக்கு. தோண்டினால் இந்த எண் குறையும். இரு வண்டிகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கட்டும். பட்டையில் இரண்டு மூன்று மீட்டர் தளர்வு விட்டு, அதன் நடுவில் கனத்த போர்வையையோ ஈரச் சாக்கையோ போடுங்கள். ஓட்டுநர்கள் தவிர மற்றவர்கள் பட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். இழுவைக் கோட்டில் யாரும் கூடாது. லோ ரேஞ்சில், ஓடுகிற ஆள் வேகத்தில் எடுத்தால் போதும். மாட்டிய வண்டியும் அதே நேரத்தில் மெல்ல முயல வேண்டும். மூன்று முயற்சியில் வராவிட்டால் வேகத்தைக் கூட்டாதீர்கள், மண்வெட்டியை எடுங்கள். அடுத்தடுத்து இழுத்தால் நைலான் சூடேறித் தளரும், அதற்கும் ஓய்வு வேண்டும்.

தனியாகப் போகிறவருக்கு வின்ச், அதாவது வண்டியில் பூட்டிய, டிரம்மில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி. வண்டியின் முழு எடையைப் போல ஒன்றரை மடங்கு: இரண்டரை டன்னுக்கு 3,750 கிலோ, கடையில் கிடைக்கும் அளவில் 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ. அந்த எண் டிரம்மில் அடி அடுக்கு மட்டும் மிச்சமிருக்கும்போதுதான் உண்மை. மேலே அடுக்கு ஏற ஏறப் பலம் குறையும். ஒரு கப்பி வைத்துக் கயிற்றை மடக்கிக் கொண்டுவந்தால் பலம் இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். மரம் இல்லாத வெளியில் ஸ்டெப்னியை ஆழப் புதைத்து நங்கூரம் ஆக்கலாம். திரும்ப அதைத் தோண்டி எடுக்கும் தெம்பையும் மிச்சம் வைக்க வேண்டும்.

எஞ்சினும் மின்சாரமும்

உபரிப் பாகங்களில் பேராசை வேண்டாம். உங்கள் மாடலின் ஃபேன் பெல்ட், மேல் – கீழ் ரேடியேட்டர் ஹோஸ், டீசலானால் ஃபியூவல் ஃபில்டர், எஞ்சின் ஆயில் 4 – 5 லிட்டர், பிரேக் ஆயில் அரை லிட்டர், எல்லா அளவிலும் ஃபியூஸ், முக்கிய ரிலே ஒன்று. சர்வீஸில் பெல்ட்டும் ஹோஸும் மாற்றும்போது கழற்றியது இன்னும் நன்றாக இருந்தால் அதையே உபரியாக வைத்துக்கொள்ளலாம். அது உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பது நிச்சயம். பெல்ட்டை இறுக்கும் டென்ஷனருக்கு எந்த அளவு ஸ்பேனர் வேண்டும் என்பதையும் பார்த்து அதையும் சேருங்கள். பெல்ட் இருந்து ஸ்பேனர் இல்லாமல் நிற்பது பரிதாபம்.

ஒட்டுவதற்கு இரண்டு பொருள். பிசைந்து வைக்கும் எபாக்ஸி மாவு, கல்லில் அடிபட்டு ஆயில் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியில்) விழுந்த விரிசலை அடைக்கும். அந்த இடத்தைத் துடைத்து, பெட்ரோலால் எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி அப்ப வேண்டும். எண்ணெய் கசிந்துகொண்டிருக்கும்போதே அப்பினால் பிடிக்காது. தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப் ஹோஸ் கிழிசலுக்கு. இரண்டு மூன்று மடங்கு நீளும்வரை இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூடும்படி சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் முதல் அழுத்தத்திலேயே பீய்ச்சும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையில் பிடித்துப் பார்க்க முடிகிற அளவுக்கு ஆறட்டும். கட்டுக்கம்பி, கேபிள் டை, ஹோஸ் கிளிப், 6, 8, 10, 12 மி.மீ. போல்ட் நட் ஒரு டப்பா, பிடித்தால் பூட்டிக்கொள்ளும் குறடு, ஒரு கிலோ சுத்தியல், இரும்பறுக்கும் பிளேடு இவை இருந்தால் பாதி ஊரைக் கட்டிவிடலாம். ஸ்பேனரில் 8 முதல் 19 வரை. காணாமல் போவதில் முதலிடம் 10க்கு, அது இரண்டாக இருக்கட்டும்.

ஜம்பர் கேபிளில் தடிமன் பிளாஸ்டிக் உறையில்தான் என்று ஆகிவிடக்கூடாது. உள்ளே இருக்கும் செம்பு 25 சதுர மி.மீ., பெரிய டீசலுக்கு 35. செத்த பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்லதன் மைனஸ், கடைசி முனை செத்த வண்டியின் எஞ்சின் இரும்பில். பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் வாயு நிற்கலாம் என்பதால் பொறி பறக்கிற கடைசி இணைப்பு அதை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். சிறு மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் குருட்டு ஊகம் தேவையில்லை. நின்ற வண்டியில் 12.6 வோல்ட் நிறைவு, 12.2 பாதி, 12க்குக் கீழே காலி. எஞ்சின் ஓடும்போது 14ஐ ஒட்டிக் காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள்.

ஓடையைக் கடக்கும்போது எஞ்சின் அணைந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் வண்டியை வெளியே இழுத்து ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கையும் டீசலில் க்ளோ பிளக்கையும் கழற்றிய பிறகே சுழற்ற வேண்டும். அதற்கான சாக்கெட் பெட்டியில் இருக்கிறதா?

தீ, காயம், தண்ணீர், தகவல்

தீயணைப்பான் 2 கிலோ ஏபிசி பவுடர், ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில், இரும்புப் பட்டையில் பூட்டி. மொத்தமே பத்து நொடி சுமாருக்குத்தான் வரும். சுவாலையில் அடிக்காமல் அடியில் அடிக்க வேண்டும். பானெட்டுக்குள் தீ என்றால் முழுக்கத் திறக்காதீர்கள். லீவரை மட்டும் இழுத்து, வரும் இடுக்கு வழியே பீய்ச்சுங்கள். திறந்தால் காற்று பாய்ந்து தீ எகிறும். காய்ந்த புல்வெளியில் ஓட்டினால் சைலன்ஸரைச் சுற்றி மாட்டிய புல்லை அவ்வப்போது இறங்கிப் பிடுங்கியே ஆக வேண்டும்.

முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரியைவிட முக்கியம் இரத்தத்தை நிறுத்துபவை: அகலமான அழுத்துக் கட்டு இரண்டு, காஸ் துணி நிறைய, முக்கோணத் துணி இரண்டு, கை காலை இறுக்கி இரத்தத்தை நிறுத்தும் பட்டையான டூர்னிகே ஒன்று. அழுத்தியும் நிற்காத கை, கால் இரத்தத்துக்கு மட்டும் டூர்னிகே. காயத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல் இறுக்கி, நேரத்தை நெற்றியிலேயே எழுதுங்கள். சூட்டுக் காயத்தின் மேல் இருபது நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும், பற்பசை வேண்டாம். பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் கயிற்றால் இறுக்குவதும் கூடாது. மோதிரம், கொலுசு, காப்பைக் கழற்றி, எலும்பு முறிந்த கைகாலை வைப்பதுபோல் அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் பத்து. கூட வருபவர் தினமும் சாப்பிடும் மாத்திரை எதுவோ, அது இரண்டு நாள் அதிகமாக.

தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், வெயிலில் அதற்கும் மேல். நான்கு பேர், இரண்டு நாள், மாட்டிக்கொண்டால் இன்னொரு நாள்: 48 லிட்டர். ரேடியேட்டருக்குத் தனியாக 5. ஒரே பெரிய கேனில் வைத்தால் ஒரு விரிசலில் எல்லாம் போகும். பல கேன்களாகப் பிரியுங்கள்.

செல்போன் சிக்னல் இல்லாத இடத்துக்கு அவசர பீக்கன் சிறந்தது. 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு இருப்பிடத்தைச் சொல்லும், மாதச் சந்தா இல்லை, ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். சாட்டிலைட் போனைச் சில நாடுகளில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம், போகுமிடத்தின் சட்டத்தைப் பாருங்கள். கருவி எதுவானாலும், எந்த வழியில் போகிறோம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு வண்டிக்கும் வாக்கி டாக்கி, ஆளுக்கொரு விசில், தலையில் மாட்டும் விளக்கு.

எதை எங்கே வைப்பது

50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் மோதி நின்றால் 10 கிலோ ஸ்பேனர் பெட்டி 140 கிலோ பாரமாக முன்சீட்டை நோக்கி வரும். கனமானவை தரையோடு, பின்சீட்டின் முதுகை ஒட்டி, வண்டியிலேயே உள்ள கொக்கிகளில் ராட்செட் பட்டையால் கட்டப்பட வேண்டும். மேல் கேரியரில் தடப் பலகை, மண்வெட்டி போன்ற இலகுவானவை மட்டும். மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் சரிவில் வண்டி கவிழ்வதற்கு உதவுகிறது. எரிபொருள் கேன் ஆட்கள் உட்காரும் இடத்தில் கூடாது.

புதையும்போது பின்கதவு சேற்றில் அழுந்தித் திறக்காமல் போகலாம். அதனால் மண்வெட்டியும் கேஜும் இழுவைப் பட்டையும் வெளியே அல்லது பக்கக் கதவு வழியே எடுக்க வருகிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட் அறுக்கும் கத்தி டேஷ்போர்டு டிராயரில் இருந்தால் பயனில்லை. கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கும்போதும் கை போகிற இடத்தில், கியர் கன்சோலின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். அதிலுள்ள கண்ணாடி உடைக்கும் முனை பக்கக் கண்ணாடிக்குத்தான். நடுவில் பிளாஸ்டிக் படலம் உள்ள முன்கண்ணாடியை அது உடைக்காது. உங்கள் வண்டியின் பக்கக் கண்ணாடியும் அந்த வகையா என்று மூலையில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள்.

திரும்பி வந்ததும் தார் ரோட்டில் ஏறுமுன் காற்று. வீட்டுக்கு வந்ததும் பட்டையையும் கயிற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். இழைகளுக்குள் தங்கிய மணல், அடுத்த இழுவையில் உள்ளிருந்தே அறுக்கும். செலவான பஞ்சர் கயிறு, ஃபியூஸ், கட்டுத்துணி எவையோ அவற்றை அன்றே எழுதி வாங்கி வையுங்கள். லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் இருந்தால் அதை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவைக்காமல் உள்ளே எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள்.